அண்ணனின் டெமோவில் எங்கள் வீடு

டெமோ என்று யாராவது அனுப்பினால் நான் கதையைப் பார்ப்பதற்கு முன்னால் சுவர்களைத்தான் பார்ப்பேன். கதாநாயகனை அறையின் நான்கு பக்கமும் கொண்டுபோய் மோதவிடுவேன். பாதிப் பேருடைய விளையாட்டில் அவன் சுவருக்குள் புகுந்து, மறுபக்கம் வெறும் கறுப்பில் போய் நிற்பான். பிறகு அலுமாரி திறக்கிறதா, அடுப்பு நெருப்பின் மேல் நடக்க முடிகிறதா, ஒரே ஆளிடம் இரண்டாம் தடவை பேசினால் வேறு ஏதாவது சொல்கிறாரா என்று பார்ப்பேன். பெரும்பாலும் சொல்லமாட்டார்.

இவையெல்லாம் ரோல் பிளேயிங் கேம் எனப்படுபவை. விளையாடுகிறவர் ஒரு பாத்திரமாகி, ஊர் ஊராக நடந்து, கண்டவர்களிடம் பேசி, சண்டை போட்டு, ஒரு கதையை முடிக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் செய்பவற்றைச் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை வைத்துக்கொண்டு தனியாளாகச் செய்துபார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். முழுதாக முடிப்பவர்கள் அரிது. தொடக்கத்தை மட்டும் செய்து, எப்படியிருக்கிறது சொல்லுங்கள் என்று வெளியே விடுவார்கள். அதுதான் டெமோ. தமிழில் செய்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு உண்டு. அக்குறணையில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர் ஒருவர் தொடங்கியது. அந்தக் குழுவில் டெமோக்களுக்கு விமர்சனம் எழுதுகிறவள் நான்.

என் தொழில் அதுவல்ல. கண்டியில் ஓர் அச்சகத்தில் டைப்செட்டிங் செய்கிறேன். கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், திருவிழா நோட்டீஸ், பரீட்சைத் தாள். அக்குறணைக்காரர் ஒருநாள் தன் கடைக்கு பெனர் அடிக்க வந்தார். அவர் எழுதிக் கொண்டுவந்ததில் பிழைகள் இருந்தன. சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"மிஸ்ஸுக்கு நேரம் ஈந்தா எங்கட கேம் ஒன்டு ஈக்கு, அதையும் கொஞ்சம் பாத்து செல்லுங்களே" என்றார்.

எழுத்துப் பிழை பார்க்கத்தான் கேட்டார். நான் எழுத்தோடு நிறுத்தவில்லை. அந்த விளையாட்டில் ஓர் அரசன் தன் நாட்டின் வரலாறு முழுவதையும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் சொல்லிக்கொண்டே போனான். விளையாடக் கூப்பிட்டுவிட்டு ஏன் வாசிக்க வைக்கிறீர்கள் என்று கேட்டேன். அரக்கர்கள் வந்து ஒரு கிராமத்தையே எரித்த பிறகும் அங்கே மருந்துக் கடைக்காரர் மட்டும் சிரித்த முகத்தோடு நின்று வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் சாகவில்லையா என்று கேட்டேன். இப்படியே பழகிவிட்டது. குழுவில் எனக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்தார்கள். ஆனாலும் ஒவ்வொருவரும் டெமோவைப் போட்டுவிட்டு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். என் வாழ்க்கையில் வேறு யாரும் என் அபிப்பிராயத்துக்காகக் காத்திருந்ததில்லை. அதனால் எழுதினேன்.

ஏறக்குறைய எல்லா டெமோவும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். கதாநாயகன் கட்டிலில் தூங்குவான். அம்மா வந்து எழுப்புவாள். அவன் எழும்பி, ஊரைக் காப்பாற்றப் போவான். அவன் திரும்பி வரும்வரை அந்த அம்மா அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்பாள். எத்தனை தடவை இதைப் பற்றி எழுதியிருப்பேன்.

என் அம்மாவுக்குப் பாரிசவாதம். நாங்கள் பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தவர்கள். அப்பா இறந்த பிறகு அம்மா, அண்ணன், நான் என்று மூவர். அண்ணன் கட்டாருக்குப் போய்விட்டான், பாதுகாப்புக் கமெரா பொருத்தும் வேலை. நானும் அம்மாவும் மிஞ்சினோம். ஒரு மழைக்காலத்துக் காலையில் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப்போன அம்மா குடத்தோடு சரிந்து விழுந்தார். பீலி என்றால் மலையிலிருந்து குழாய் வழியே தண்ணீர் விழும் இடம், லயத்துக்கே அந்த ஒன்றுதான். தோட்டத்து அம்பியூலன்ஸ் திருத்தப் போயிருந்தது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிதான் கிடைத்தது. அடுத்த வீட்டு ஆண்கள் தூக்கி ஏற்றினார்கள். மேலே கறுப்புப் பொலித்தீன் இழுத்துக் கட்டினார்கள். பின்னால் அம்மாவோடு நான் மட்டும் ஏறிக்கொண்டேன்.

வளைவுக்கு வளைவு அம்மாவின் தலை பலகையில் இடிக்கப் பார்த்தது. துப்பட்டாவைக் கழற்றிச் சுருட்டித் தலைக்குக் கீழே கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வத்தேகம தாண்டும்போது வாய் ஒருபக்கமாகக் கோணிவிட்டது. "இன்னும் கொஞ்ச தூரந்தாம்மா, இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆசுபத்திரி வாசலில் இறக்கியபோது என் கை மரத்துப்போய், விரல்களை விரிக்க முடியவில்லை.

இதையெல்லாம் நான் அண்ணனிடம் போனில் சொன்னேன். அவன் அழுதான். அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டேயிருந்தான். அவ்வளவு தொலைவில் இருந்துகொண்டு அவன் வேறென்ன செய்வான் என்று, ஒன்றையும் விடாமல் சொன்னேன். பொலித்தீன், பலகை, துப்பட்டா, வத்தேகம, நான் சொன்ன வார்த்தை.

அம்மா உயிர் தப்பினார். வலது கையும் காலும் பழைய நிலைக்கு வரவில்லை. கிளினிக்குக்குப் போய்வர வசதியாகக் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, லயத்தைக் காலி செய்துவிட்டு வந்தோம். பகலில் வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் நான்.

என் விமர்சனங்களை வாசித்து வாசித்து அண்ணனுக்கும் ஆசை வந்துவிட்டது. தானும் ஒன்று செய்வதாகச் சொன்னான். அறையில் மற்றவர்கள் சீட்டாடும் நேரத்தில் மேல் கட்டிலில் உட்கார்ந்து செய்தானாம். நீண்ட காலம் செய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழுவில் போட்டுவிட்டு எனக்கும் அனுப்பினான்.

"அண்ணன்னு பாக்காத, தங்கச்சி. மத்தவங்களுக்கு எழுதுற மாதிரியே எழுது."

அம்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, லெப்டொப்பை மடியில் வைத்துத் திறந்தேன்.

எங்கள் வீடு. தகரக் கூரையில் அப்பா வைத்த ஒட்டு, வாசலில் கொய்யா மரம், இறங்கிப் போனால் பீலி, அதற்குக் கீழே தேயிலை. எல்லாம் சின்னச் சின்னச் சதுரங்களால் செய்தது, ஆனாலும் எங்கள் வீடுதான். சுவரில் மோதிப் பார்த்தேன், எங்கும் ஓட்டை இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு தடவை ஒவ்வொன்று பேசினார்கள். அம்மா அடுப்படியில் நின்று, "ரொட்டி சுட்டு வச்சிருக்கேன் மகன், சம்பலும் இருக்கு" என்றார். குழுவில் வந்தவற்றில் இதுதான் மிகச் சிறந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது. என் அண்ணன் செய்தது என்று பெருமையாகவும் இருந்தது.

பிறகு நான் என்னைத் தேடத் தொடங்கினேன்.

வீட்டுக்குள் இல்லை. பீலியடியில் இல்லை. பாடசாலைக்குப் போயிருப்பேன் என்று நினைத்துக் கீழே இறங்கிப் பாடசாலைவரை போனேன். அங்கே வாத்தியார் ஒருவர் நின்றார். கடையில் பார்த்தேன், கோயிலில் பார்த்தேன். நான் படிக்கும் மேசை இருந்த மூலையில் ஒரு மண்பானை இருந்தது. அதைத் திறந்தால் இரண்டு மூலிகை கிடைத்தது.

சரி, பின்னால் வருவேன் என்று தொடர்ந்து விளையாடினேன். கதாநாயகன் வெளிநாடு போகிறான். அம்மா தனியாக இருக்கிறார். அவனுக்குக் கெட்ட கனவு வருகிறது. ஊருக்கு ஓடி வருகிறான். வந்து சேரும்போது அம்மா பீலியடியில் விழுந்து கிடக்கிறார். மழை. லொறி. கறுப்புப் பொலித்தீன். அவன் சட்டையைக் கழற்றிச் சுருட்டி அம்மாவின் தலைக்குக் கீழே வைக்கிறான். திரையின் அடியில் எழுத்து ஓடுகிறது: "இன்னும் கொஞ்ச தூரந்தாம்மா."

நான் லெப்டொப்பை மூடிவிட்டேன். அம்மா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். எழும்பி, காயப்போட்ட துணிகளை எடுத்து மடித்தேன். மடித்து முடித்த பிறகுதான் அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"பாத்துட்டியா? எப்படி இருக்கு?"

"நல்லாருக்குண்ணே. ரொம்ப நல்லாருக்கு. ஆனா அம்மாவ லொறில கொண்டு போனது நான்."

"அது கதை தானே, தங்கச்சி. நெசமாவா நான் கொண்டு போனேன்னு சொன்னேன்? ஹீரோ தானே செய்யணும்."

"சரி, ஹீரோவே செய்யட்டும். நான் எங்க அதுல? அந்த வீட்டுல நான் இல்லியே."

அவன் யோசித்துத்தான் சொன்னான். அதனால்தான் இன்றைக்கும் அது எனக்கு மறக்கவில்லை.

"மொதல்ல வச்சுத்தான் செஞ்சேன். சரி வரல. நீ இருந்தா அம்மா தனியா இல்லன்னு ஆயிடுது. அவன் வெளிநாடு போனாலும் பாக்குறவங்களுக்கு கவல வராது. அந்த சோகமே இல்லாம போயிடும். நீயே இதெல்லாம் எழுதுறவ தானே, ஒனக்கு வெளங்காதா?"

விளங்கியது. கதை செய்கிறவனாக அவன் சொன்னது சரி. நானே வேறு யாருக்காவது அந்த ஆலோசனையைச் சொல்லியிருப்பேன். எத்தனையோ வருடம் அம்மாவோடு நான் இருந்ததுதான் அந்தக் கதையின் குறை. அதை எடுத்தவுடன் கதை நன்றாக வந்துவிட்டது.

அவன் கேட்டபடியே மற்றவர்களுக்கு எழுதுகிற மாதிரி எழுதினேன். நம் குழுவில் வந்த டெமோக்களில் இதுவே சிறந்தது என்றேன். சண்டைகள் நீளம், ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி பிந்தி வருகிறது என்றேன். கடைசியில், கதாநாயகன் வெளிநாட்டில் இருந்த காலம் முழுக்க அந்த அம்மாவோடு யார் இருந்தார்கள் என்பதைக் கதை மறைக்கிறது, அந்த வீட்டில் ஒருவர் குறைகிறார் என்று எழுதினேன்.

விமர்சகர் தன் தங்கை என்று அண்ணன் ஏற்கெனவே பெருமையாகக் குழுவில் சொல்லியிருந்தான். அதனால் எல்லோருக்கும் தெரியும். லொறிக் காட்சியில் அழுதுவிட்டேன் என்று எழுதாத ஆளில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன்மார் எத்தனை பேர். அவர்களெல்லாம் என்மேல் பாய்ந்தார்கள். கூடப்பிறந்தவனின் வெற்றி பொறுக்கவில்லை என்றார் ஒருவர். அம்மாவைப் பற்றிய கதையிலும் தன்னைத் தேடுகிறாள் என்றார் இன்னொருவர். அண்ணன், "என் தங்கச்சி நல்லதுக்குத்தான் சொல்லுவா, விடுங்க" என்று எழுதினான். அதற்கும் அவனைப் பாராட்டினார்கள்.

அக்குறணைக்காரர் மட்டும் அச்சகத்துக்கு வந்தபோது மெதுவாகச் சொன்னார்.

"மிஸ் செல்லினது சரி. அந்த ஊட்டுல ஒராள் கொறைவுன்டு எனக்கும் வெளங்கிச்சி. ஆனா ஆக்களுக்கு அழ விருப்பமா ஈக்குதே, நாங்க என்ன செய்ய?"

"நீங்க அத குழுவுல எழுதலாமே" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, அடித்து வைத்திருந்த பில் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த பதிப்பில் அண்ணன் என்னைச் சேர்த்தான். பீலியடியில் பாவாடை சட்டையோடு ஒரு பெண் நிற்கிறாள். கிட்டப் போய்ப் பேசினால், "அண்ணே, அம்மாவ நல்லா பாத்துக்கங்க" என்பாள். திரும்பப் பேசினாலும் அதே. எத்தனை தடவை அழுத்தினாலும் அதே. அந்த ஊரிலேயே ஒரு வரி மட்டும் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். அதைவிட, அவசரத்தில் அவளைத் திடப்பொருளாக்க மறந்திருந்தான். கதாநாயகன் அவளுக்குள் புகுந்து நடந்து போனான்.

நான் குறிப்பு அனுப்பினேன்: பீலியடியில் நிற்கும் பெண்ணின் ஊடாக நடக்க முடிகிறது. வேறொன்றும் எழுதவில்லை. அவன் நன்றி சொல்லித் திருத்தினான். திருத்தியதும் அவள் ஒற்றையடிப் பாதையில் நிலையாக நின்றுவிட்டாள். லொறிக் காட்சிக்கு ஓடுகிறவர்கள் அவள்மேல் மோதி நின்றார்கள். அந்தப் பெண் வழியை மறிக்கிறாள், எடுத்துவிடுங்கள் என்று குழுவில் பலர் எழுதினார்கள். அவன் எடுத்துவிட்டான். எனக்கு ஒரு செய்தியும் அனுப்பினான்: "கோவிச்சுக்காத, எல்லாரும் கேக்குறாங்க." நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

சில மாதங்கள் கழித்து லீவில் வந்தான். அம்மாவுக்குப் புதுப் போர்வை, எனக்கு ஒரு கைப்பை, வீட்டுக்காரம்மாவுக்குப் பேரீச்சம்பழம். இளைத்திருந்தான். முன்னந்தலையில் முடி போயிருந்தது. அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அந்த மேல் கட்டிலும் அந்த வெயிலும் அவனை என்ன செய்திருக்கின்றன என்று பார்த்தவுடன் தெரிந்தது. எனக்கு இரக்கம் வராமலில்லை. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டே அவனுக்கு மீன் குழம்பு வைத்தேன்.

மறுநாள் காலையில் அம்மாவுக்குத் தன் விளையாட்டைக் காட்டினான். அம்மாவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, லெப்டொப்பை முன்னால் ஸ்டூலில் வைத்தான். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம வீடு" என்றார் அம்மா. நாக்கு இன்னும் தடுமாறும். "கொய்யா மரம்."

"ஆமாம்மா. இது நீங்க. இந்தா வர்றது நான்."

அம்மா ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பீலியடியில் விழுந்து கிடப்பது வந்தது. மழை வந்தது. லொறி வந்தது. அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். மகன் சட்டையைக் கழற்றித் தலைக்குக் கீழே வைப்பதை வாய் திறந்தபடி பார்த்தார். அந்தப் பயணத்தில் ஒரு நிமிடம்கூட அம்மாவின் நினைவில் இல்லை. நான் சொல்லியிருக்கிறேன், பலமுறை. சொன்னதை அவர் படமாகப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.

இடது கையால் அண்ணனின் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கி நீ இல்லாட்டி நான் போயிருப்பேன், மகன்" என்றார்.

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "அழாதீங்கம்மா" என்று மட்டும் சொன்னான்.

தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவ அவன் உள்ளே வந்தபோது கேட்டேன்.

"ஏன்ணே சொல்லல?"

"எப்படி சொல்றது? எவ்வளவு சந்தோசமா இருந்தாங்க பாத்தீல்ல?"

"நான் சொல்லட்டா?"

"ஒனக்கு என்னா கொறையுது இதுல? நீ டெய்லி அவங்ககூடவே இருக்க. எனக்கு இது ஒன்னு தான் இருக்கு. வுடேன்."

கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கை துடைக்கத் துணி தேடினான். எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

அவன் போன பிறகு ஒருநாள் அம்மாவுக்குத் தலை வாரும்போது சொல்லிப் பார்த்தேன். "அம்மா, அன்னைக்கி லொறில ஒங்ககூட வந்தது நான். அண்ணன் கட்டார்ல இருந்தான்." அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "நீயும் வந்தியா, பாப்பா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். அதற்குமேல் நான் சொல்லவில்லை.

விமர்சனம் இன்னும் எழுதுகிறேன். விட்டுவிடுவேன் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. ஆனால் கதையைப் பற்றி எழுதுவதில்லை. சண்டை, வேகம், இசை, எழுத்தின் அளவு, இவ்வளவுதான். யார் வீட்டில் யார் இல்லை என்று பார்ப்பதை நிறுத்திவிட்டேன். இப்போது நான் கனிந்துவிட்டதாகக் குழுவில் சொல்கிறார்கள். அண்ணனின் விளையாட்டு முழுதாக வெளிவந்துவிட்டது. அதன் முடிவில் நன்றி என்று போட்டு அம்மாவின் பெயரும், பிழை திருத்தம் என்று போட்டு என் பெயரும் வரும்.

போன மாதம் கிளினிக்கில் எங்கள் முறை வரும்வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் நாவலப்பிட்டியிலிருந்து வந்த ஒரு பெண், தன் கணவருக்கு மருந்துத் துண்டு எடுக்க வந்தவர், அம்மாவிடம் எப்படி இப்படி ஆனது என்று விசாரித்தார். அம்மா தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். பீலி, மழை, லொறி, மகன் வெளிநாட்டிலிருந்து ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனது, தன் சட்டையைக் கழற்றித் தலைக்கு வைத்தது.

"குடுத்து வச்சவங்கம்மா நீங்க. இந்தக் காலத்துல எந்தப் புள்ள இப்படி பாக்குது?" என்றார் அந்தப் பெண். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க?" என்றார்.

"மகள்."

"ஓ. தொணைக்கி வந்தீங்களா?"

"ஆமா" என்றேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எழும்பி, அவருடைய வலது அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினேன். மருந்துகளால் அம்மா உடம்பு பெருத்திருந்தார். முதல் தடவை எழும்ப முடியவில்லை. கொஞ்சம் பொறுத்து, மறுபடி தூக்கினேன்.